கடலுக்கு அடியில் சிவப்பைத் தேடிய கதை: மக்னீசியம் பீப்பாயிலிருந்து மலிவு விலை டைவிங் லைட் வரை (நீண்ட த்ரெட்)

1/
ரத்தம் என்ன நிறம்னு ஒரு டாக்டரைக் கேட்டா சிரிப்பார். ஆனா கடலுக்குள்ள முப்பது மீட்டர் ஆழத்துல கையைக் கீறிக்கிட்டா, வெளிய வர்றது பச்சையாகவோ கருப்பாகவோதான் தெரியும். ரத்தம் மாறல, வெளிச்சம் மாறிடுச்சு. தொலைஞ்சுபோன அந்தச் சிவப்பை மீட்க மனுஷன் 130 வருஷமா என்னென்ன செஞ்சான்ங்கறதுதான் இந்த த்ரெட்.

2/
அந்தமான், புதுச்சேரி பக்கம் ஸ்கூபா போற நண்பர்கள் அடிக்கடி கேக்குற கேள்வி இது: "சில ஆயிரம் ரூபாய்க்கு ஆன்லைன்ல வீடியோ லைட் கிடைக்குது. 10,000 லூமென்னு போட்டிருக்கான். வாங்கலாமா?" ஒரு வார்த்தையில பதில் சொல்லிடலாம். ஆனா வரலாறு தெரிஞ்சா நீங்களே முடிவெடுப்பீங்க. நீளமா இருக்கும், டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

3/
முதல்ல கொஞ்சம் இயற்பியல். தண்ணீர் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி விடாது. சுத்தமான தண்ணீரில் 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி 3 மீட்டர் போறதுக்குள்ள மூணுல ஒரு பங்கு ஆயிடும். 10 மீட்டரில் மிஞ்சுவது சுமார் 3 சதவீதம். அதே 10 மீட்டரில் நீல ஒளி 90 சதவீதத்துக்கு மேல அப்படியே இருக்கும்.

4/
அதனாலதான் கடலுக்குள்ள எடுத்த வீடியோ எல்லாம் நீலமா, பச்சையா இருக்கு. கேமரா மேல தப்பில்லை. சிவப்பு வந்து சேரவே இல்லை, அவ்வளவுதான். வராத நிறத்தை எவ்வளவு நல்ல கேமராவாலயும் படம் பிடிக்க முடியாது. வெளிச்சத்தை நாமளே கீழ கொண்டு போகணும். கதை இங்கதான் ஆரம்பிக்குது.

5/
1856. இங்கிலாந்தின் வேமவுத் விரிகுடா. வில்லியம் தாம்சன் என்பவர் ஒரு கேமராவைப் பெட்டிக்குள்ள வச்சு, படகிலிருந்து கடலுக்குள்ள இறக்கினார். பெட்டிக்குள்ள தண்ணி புகுந்துடுச்சு. ஆனாலும் ஒரு மங்கலான படம் கிடைச்சது. கடலடியில் எடுத்த முதல் புகைப்படம்னு அதைத்தான் சொல்றாங்க. அவர்கிட்ட விளக்கு எதுவும் இல்லை, சூரியன் மட்டும்தான்.

6/
உண்மையான நாயகன் அடுத்து வர்றார். லூயி பூத்தான், பிரெஞ்சு உயிரியலாளர். 1893-இல் பிரான்ஸின் தென்கோடியில், பன்யூல் என்ற ஊரின் ஆராகோ ஆய்வுக்கூடத்தில் வேலை. கனமான டைவிங் சூட் போட்டுக் கடலுக்குள்ள இறங்கினவர், தான் பார்த்ததை மத்தவங்களுக்கும் காட்டணும்னு ஆசைப்பட்டார். அவருடைய அண்ணன் தம்பிகளில் ஒருவரான ஒகுஸ்த் ஓர் இன்ஜினியர். தண்ணி புகாத கேமராப் பெட்டியை வடிவமைச்சுக் கொடுத்தவர் அவர்தான்.

7/
சூரிய வெளிச்சத்துல ஒரு படம் எடுக்க சில சமயம் அரை மணி நேரம் வரைக்கும் கேமராவை அசையாம வைக்க வேண்டியிருந்தது. அரை மணி நேரம் எந்த மீன் நிக்கும்? அதனால ஷோஃபூர் என்ற இன்ஜினியர் துணையோட ஒரு விளக்கு செஞ்சார். கண்ணாடிக் குடுவைக்குள்ள ஆக்ஸிஜன், நடுவுல மக்னீசியம் கம்பி. மின்சாரம் குடுத்தா பளீர்னு எரியும். சில சமயம் குடுவையே வெடிக்கும்.

8/
அடுத்த முயற்சி இன்னும் அமர்க்களம். ஆக்ஸிஜன் நிரப்பின 200 லிட்டர் பீப்பாய். அதுக்கு மேல கண்ணாடி மூடி, உள்ள எரியுற ஸ்பிரிட் விளக்கு. பக்கத்துல ஒரு ரப்பர் பல்பு. நம்ம பி.பி. பார்க்கிற கருவியில அழுத்துவோமே, அந்த மாதிரி. அதை அழுத்தினா மக்னீசியம் பொடி தீ மேல பறக்கும். ஒரு நொடி மின்னல். ஒரு படம். கூடவே பக்கத்துல இருக்கிறவங்க உயிருக்கு ஆபத்து.

9/
ஆக்ஸிஜன், நெருப்பு, எரியும் உலோகப் பொடி மூணையும் ஒரே பீப்பாயில வச்சுக்கிட்டு ஒரு மனுஷன் கடல் தரையில நிக்கிறார்! நம்ம வார்டுல ஆக்ஸிஜன் சிலிண்டர் பக்கத்துல தீப்பெட்டி எடுத்தாலே சிஸ்டர் ஓடி வருவாங்க. இந்த வரலாறு முழுக்க இதே இழைதான் ஓடுது: தண்ணிக்குள்ள வெளிச்சம் வேணும்னா கூடவே கொஞ்சம் வெடிமருந்தையும் எடுத்துட்டுப் போகணும். இன்னைக்கும் அது மாறல. ஏன்னு பின்னாடி சொல்றேன்.

10/
பூத்தான் விடல. 1899-இல் பேட்டரியில் ஓடும் ஆர்க் விளக்குகளைக் கேமராவோட சேர்த்து 50 மீட்டர் ஆழத்துக்கு இறக்கி, மேலேயிருந்தே மின்சாரத்தால ஷட்டரை இயக்கிப் படம் எடுத்தார். 1900-இல் இதையெல்லாம் புத்தகமா எழுதினார். கடலடிப் புகைப்படக் கலைக்கு அதுதான் முதல் பாடப்புத்தகம். அப்பவும் எல்லாம் கருப்பு வெள்ளைதான். சிவப்பைப் பத்தின கவலையே இன்னும் ஆரம்பிக்கல.

11/
அந்தக் கவலை ஆரம்பிச்சது 1926-இல், அமெரிக்காவின் ஃப்ளோரிடா பக்கம் உள்ள ட்ரை டார்ட்டூகாஸ் தீவுகளில். மீன் ஆய்வாளர் வில்லியம் லாங்லி, நேஷனல் ஜியாக்ரஃபிக் புகைப்படக்காரர் சார்லஸ் மார்ட்டின், இருவரும் கடலடியில் முதல் வண்ணப்படம் எடுக்கக் கிளம்பினாங்க. அப்போ இருந்த ஆட்டோக்ரோம் வண்ணத் தகடுகளுக்கு ரொம்ப வெளிச்சம் வேணும். நீந்துற மீனோ அசையாம நிக்காது.

12/
அவங்க கண்டுபிடிச்ச வழி: தண்ணி மேல ஒரு மிதவை, அதுல வெளிச்சத்தைக் கீழ்நோக்கித் திருப்பும் பெரிய தகடு, அதுக்கு அடியில மக்னீசியம் பொடி. ஒரு படத்துக்கு சுமார் ஒரு பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட அரை கிலோ. கீழ கேமராவை அழுத்தின உடனே மேல வெடிக்கும். ஒரு ஹாக்ஃபிஷ் மீன் வண்ணத்தில் சிக்கியது. 1927 ஜனவரி இதழில் படங்கள் வெளிவந்தன.

13/
அதுக்கு ஒரு விலையும் இருந்தது. பொடி ஒரு முறை நேரம் தவறி வெடிச்சதில் லாங்லிக்குக் கடுமையான தீக்காயம். மக்னீசியம் 2,000 டிகிரி செல்சியஸுக்கும் மேல எரியக்கூடியது. தீபாவளி முடிஞ்ச மறுநாள் எமர்ஜென்சி ட்யூட்டி பார்த்த எந்த டாக்டருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

14/
இப்போ அந்தப் பச்சை ரத்தம். ஜாக் கூஸ்தோவும் அவரோட நண்பர் ஃப்ரெடரிக் துமாவும் 1940-களில் மத்தியதரைக் கடலில் முதுகில் காற்று சிலிண்டரோட சுதந்திரமா நீந்த ஆரம்பிச்சாங்க. நூறு அடிக்கும் கீழே துமா ஒரு பெரிய மீனை ஈட்டியால் குத்தினார். வந்தது பச்சை ரத்தம். மேலே ஏற ஏற அது பழுப்பாகி, கடைசியில் மேற்பரப்பில் சிவப்பாச்சு. 1953-இல் வந்த கூஸ்தோவின் புத்தகத்தில் இது பதிவாகியிருக்கு.

15/
ஆழத்தில் நீலமும் பழுப்புமா மந்தமா தெரிஞ்ச பாறை மேல ஒரு பெரிய மின்விளக்கைப் பிடிச்சுப் பார்த்தப்போதான் உண்மை தெரிஞ்சது. பாறை முழுக்கச் சிவப்பு, ஆரஞ்சு. சூரியன் ஒருநாளும் காட்டாத நிறம். அந்த உயிரினங்கள் தோன்றின நாள்ல இருந்து அங்கேயே இருந்த நிறத்தை மனுஷக் கண் அப்போதான் பார்த்தது.

16/
1956-இல் கூஸ்தோவும் லூயி மாலும் சேர்ந்து எடுத்த ஆவணப்படம் கான் விழாவில் உயரிய விருதை வாங்கியது. அதன் தொடக்கக் காட்சியில் டைவர்கள் கையில் எரியும் தீவட்டியோட கடலுக்குள்ள இறங்குவாங்க. மத்த இடங்களில் மின்விளக்குகளுக்குக் கப்பலிலிருந்து கேபிள் வழியா கரண்ட். விளக்கு வேணும்னா ஒரு கப்பலும் ஜெனரேட்டரும் வேணும். நடுத்தர வர்க்கத்துக்கு எட்டாத சமாச்சாரம்.

17/
அதே காலத்துல எம்.ஐ.டி. பேராசிரியர் ஹெரால்ட் எட்ஜர்ட்டன், துப்பாக்கிக் குண்டு பறப்பதையே உறைய வச்சுப் படம் எடுத்தவர், 1953-இலிருந்து கூஸ்தோவோட கப்பலில் வேலை செஞ்சார். அவரோட மின்னணு ஃப்ளாஷ் ஆழ்கடலுக்கும் போச்சு. ஆனா ஃப்ளாஷ் புகைப்படத்துக்கு மட்டும்தான். வீடியோவுக்குத் தொடர்ந்து எரியும் வெளிச்சம் வேணும். அங்கே பேட்டரிதான் முட்டுக்கட்டை.

18/
பிறகு பல வருஷங்கள் ஹாலஜன் பல்பு, அதுக்கப்புறம் எச்ஐடி விளக்கு. ஹாலஜன் தின்னும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாத்தான் போகும். ஒரு மணி நேரம் எரியணும்னா இடுப்புல ஒரு கனமான பேட்டரி டப்பாவைக் கட்டிக்கிட்டு, அதிலிருந்து கைக்கு ஒயர் இழுத்துக்கிட்டுப் போகணும். குகைகளில் டைவ் செய்றவங்க அப்படித்தான் போனாங்க.

19/
இதை மாத்தினது ரெண்டு நோபல் பரிசுகள். ஒண்ணு, நீல எல்இடி. சிவப்பு எல்இடியை 1962-லேயே நிக் ஹோலோன்யாக் செஞ்சுட்டார். நீலம் வர 30 வருஷம் ஆச்சு. 1993-இல் ஜப்பானின் நிச்சியா கம்பெனியில் ஷூஜி நாகமுரா பிரகாசமான நீல எல்இடியை உருவாக்கினார். அதுக்கு மேல மஞ்சள் பாஸ்பர் பூசினா வெள்ளை வெளிச்சம். அகசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014 நோபல்.

20/
ரெண்டாவது, லித்தியம் அயான் பேட்டரி. 1991-இல் சோனி விற்பனைக்குக் கொண்டு வந்தது. 2019-இல் குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் நோபல். டைவிங் லைட்டில் இருக்கும் 18650 செல் இந்தக் குடும்பம்தான். பேரிலேயே அளவு இருக்கு: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். கப்பல் ஜெனரேட்டர் செஞ்ச வேலை கைக்குள்ள அடங்கிடுச்சு.

21/
மூணாவதா ஒரு சின்ன ரப்பர் வளையம். தண்ணி புகாம தடுக்கும் ஓ-ரிங். நீல்ஸ் கிறிஸ்டென்சன் என்பவர் 1937-இல், 72 வயசுல இதுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பிச்சார், 1939-இல் கிடைச்சது. 10 மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டலம்னு அழுத்தம் ஏறும். 40 மீட்டரில் மொத்தம் 5 மடங்கு. அதைத் தாங்குறது சில ரூபாய் பெறுமான ரப்பர்.

22/
2010 வாக்கில் கோப்ரோ மாதிரி சின்ன கேமராக்கள் வந்ததும் ஒவ்வொரு டைவரும் கூஸ்தோ ஆயிட்டார். கேமரா மலிஞ்சதும் எல்லாருக்கும் லைட் வேணும். எல்இடி, பேட்டரி, ஓ-ரிங் மூணும் மலிவு. சந்தையில் லைட் குவிஞ்சது. அங்கேதான் ஒரு புதுச் சிக்கல்: விளம்பரத்தில் எந்த நம்பரைப் போட்டு விக்கிறது?

23/
அவங்க எடுத்துக்கிட்டது லூமென். இங்க கவனமா கேளுங்க, இந்த த்ரெட்டோட முக்கியமான இடம் இதுதான். லூமென் என்பது மனுஷக் கண்ணுக்கு எவ்வளவு பிரகாசமா தெரியுதுன்னு அளக்கிற அளவு. 1924-இல் சர்வதேச ஒளியியல் ஆணையம் வகுத்த ஒரு வளைகோட்டின்படி கணக்கு. நம்ம கண் பச்சைக்குத்தான், 555 நானோமீட்டருக்குத்தான், அதிகமா அசையும். 650 நானோமீட்டர் சிவப்புக்குக் கிடைக்கிற மதிப்பெண் அதில் பத்துல ஒரு பங்கு.

24/
அப்போ ஒரு கம்பெனிக்கு லூமென் நம்பரை ஏத்தணும்னா என்ன வழி? பச்சையும் மஞ்சளும் கூட்டணும், சிவப்பைக் குறைக்கணும். நீல எல்இடி மேல மஞ்சள் பூச்சுங்கற வெள்ளை வெளிச்சத்துல ஏற்கனவே சிவப்பு கம்மி. நீங்க லைட் வாங்குறதே சிவப்புக்காக. ஆனா பெட்டி மேல இருக்கிற பெரிய நம்பர் சிவப்பைக் காவு குடுத்து வந்த நம்பரா இருக்கலாம்.

25/
இது மருத்துவத்துக்குப் புதுசில்லை. எம்பிபிஎஸ் படிக்கும்போது வார்டுக்குள்ள போனதும் சொல்லிக் குடுப்பாங்க: மஞ்சள் காமாலை இருக்கான்னு பகல் வெளிச்சத்துல பாரு. நோயாளியை ஜன்னல் பக்கம் கூட்டிட்டுப் போறது அதுக்குத்தான். டியூப்லைட்டில் மஞ்சளும் தப்பும், ரத்தசோகையின் வெளுப்பும் தப்பும், உதடு நீலம் பாரிச்சிருக்கிறதும் தப்பும்.

26/
அதனாலதான் ஆபரேஷன் தியேட்டர் விளக்குக்கு நிறத் தரம் பத்தி சர்வதேச விதியே இருக்கு. சிஆர்ஐ என்ற நிறக் குறியீடு 85-க்குக் குறையக் கூடாது. ரத்தம், திசு, நரம்பு வேறுபாடு தெரியணும்ல? இந்த சிஆர்ஐயிலும் ஒரு ஓட்டை இருக்கு. எட்டு வெளிர் நிறங்களின் சராசரிதான் அது. அடர் சிவப்பு ஒன்பதாவது, ஆர்9. அது சராசரியில் சேராது.

27/
ஆகவே மலிவு லைட் வாங்கும்போது முதல் கேள்வி "எத்தனை லூமென்?" இல்லை. "சிஆர்ஐ எவ்வளவு, ஆர்9 எவ்வளவு?" சிஆர்ஐ 90-க்கு மேல இருக்கிற 1,500 லூமென் லைட், சிஆர்ஐயே சொல்லாத 5,000 லூமென் லைட்டை விட நல்ல நிறம் தரும். வீட்டுலேயே பார்க்கலாம்: உங்க உள்ளங்கை, ஒரு தக்காளி. முதல்ல வெயில்ல பாருங்க, அப்புறம் இருட்டறையில அந்த லைட்ல. கை பிணம் மாதிரி வெளுத்துத் தெரிஞ்சா வேண்டாம்.

28/
அடுத்து, லூமென் பொய்யைக் கண்டுபிடிக்க ஒரு எளிய கணக்கு. நல்ல 18650 செல் ஒண்ணு அதிகபட்சம் 3,500 எம்ஏஹெச் அளவில் இருக்கும். 3.6 வோல்ட்டால பெருக்கினா சுமார் 12.6 வாட்-மணி. மொத்த லைட்டும் ஒரு வாட்டுக்கு 100 லூமென் தருதுன்னு வச்சுக்கோங்க. 1,000 லூமென்னா ஒண்ணேகால் மணி நேரம். 2,500 லூமென்னா அரை மணி நேரம்.

29/
ஒத்தை செல் போட்ட டார்ச்சுல "5,000 லூமென், 2 மணி நேரம்"னு போட்டிருந்தா அது ரீல். 18650 செல் மேல "9,900 எம்ஏஹெச்"னு இருந்தா அது பெரிய ரீல். நல்ல செல் 45 முதல் 50 கிராம் எடை இருக்கும். கையில எடுத்தா பஞ்சு மாதிரி இருந்தா திருப்பிக் குடுத்துடுங்க. எஃப்எல்1 தரத்தின்படி அளந்ததுன்னு எழுதியிருக்கும் லைட்டுக்குக் கொஞ்சம் கூடுதலா மதிப்பு குடுக்கலாம்.

30/
அடுத்தது கோணம். வீடியோவுக்குப் பரந்த வெளிச்சம் வேணும், குறுகின டார்ச் வெளிச்சம் நடுவுல மட்டும் சுட்டெரிக்கும். ஆனா விளம்பரத்தில் இருக்கும் 120 டிகிரி காற்றில் அளந்தது. தட்டையான கண்ணாடி வழியா தண்ணிக்குள்ள போகும்போது ஒளி விலகும். 120 டிகிரி தண்ணிக்குள்ள சுமார் 81 டிகிரிதான். குவிந்த கண்ணாடி இருந்தா இந்த இழப்பு குறையும்.

31/
தூரம்தான் எல்லாத்தையும் விட முக்கியம். 2,500 லூமென் லைட், 81 டிகிரி. ஒரு மீட்டர் தள்ளி சுமார் 1,650 லக்ஸ். 30 சென்டிமீட்டரில் 18,000 லக்ஸ். நண்பகல் வெயில் மேற்பரப்பில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். அதாவது ஆழம் குறைவான, வெயில் அடிக்கிற இடத்துல ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் மீனுக்கு உங்க லைட் பட்டப்பகல்ல ஏத்தின அகல் விளக்கு.

32/
இதுல தண்ணி உறிஞ்சுறதைச் சேர்க்கல. லைட்டிலிருந்து மீனுக்கு ஒரு மீட்டர், மீனிலிருந்து கேமராவுக்கு ஒரு மீட்டர். போக வர 2 மீட்டரில் சிவப்பு பாதியாயிடும். அரை மீட்டருக்குள்ள வந்தா 70 சதவீதம் மிஞ்சும். அதனால சின்ன லைட் இருக்கிறவங்க பெரிய பாறையைப் படம் எடுக்காதீங்க. நூடிபிராங்க், இறால், நண்டு மாதிரி சின்ன உயிர்களுக்குப் பக்கத்துல போங்க. அதுக்கு 1,000 லூமெனே தாராளம்.

33/
லைட்டைக் கேமரா மேல நேரா ஒட்டாதீங்க. ஊட்டி மலைப்பாதையில பனிமூட்டத்துல ஹை பீம் போட்டா என்ன ஆகும்? வெள்ளைச் சுவர்தான். தண்ணியில மிதக்கும் துகள்களும் அப்படித்தான் ஒளியைத் திருப்பி அனுப்பும். லைட்டைக் கைப்பிடி போட்டுப் பக்கவாட்டில் தள்ளி வைங்க. நம்ம கோரமண்டல் கரை மாதிரி கலங்கின தண்ணியில இது ரொம்ப முக்கியம்.

34/
காசே இல்லையா? 15 மீட்டருக்குள்ள, நல்ல வெயில்ல, சிவப்பு ஃபில்டர் போதும். அது சிவப்பைச் சேர்க்காது, நீலத்தையும் பச்சையையும் குறைச்சு சமன் செய்யும். அதுகூட இல்லைன்னா ஒரு வெள்ளைத் தகட்டைக் காட்டி ஒயிட் பேலன்ஸ் செட் பண்ணுங்க. ஆழம் போனா ரெண்டுமே கைவிட்டுடும், ஏன்னா சமன் செய்ய அங்க சிவப்பே இருக்காது.

35/
இப்போ 9-ஆம் பதிவில் பாக்கி வச்ச விஷயம். பூத்தானோட பீப்பாய் இன்னைக்கு உங்க பையில இருக்கு, அதான் லித்தியம் செல். 2019 செப்டம்பர் 2 அதிகாலை, அமெரிக்காவின் கலிஃபோர்னியா கரையோரம் கன்செப்ஷன் என்ற டைவிங் படகு தீப்பிடிச்சது. கீழ்த்தளத்தில் தூங்கிட்டிருந்த 34 பேரும் இறந்தாங்க. பிரேதப் பரிசோதனையில் காரணம் கார்பன் மோனாக்சைடு. மூச்சுத்திணறலில் முடிஞ்சுபோன உயிர்கள்.

36/
தீ எதனால் ஆரம்பிச்சதுன்னு விசாரணையில் உறுதியாகல, அதை நேர்மையா சொல்லணும். ஆனா மேல்தளத்து அறையில் கேமரா, லைட் பேட்டரிகளைச் சார்ஜ் போட்டிருந்த இடமும் ஆராயப்பட்ட காரணங்களில் ஒண்ணு. பெரிய குற்றம், இரவில் ரோந்து சுத்திக் காவல் பார்க்க ஆளே இல்லாதது. படகின் கேப்டனுக்கு 2024-இல் 4 வருஷச் சிறை. அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் கவனிக்க ஆளில்லாம லித்தியம் பேட்டரி சார்ஜ் போடுறதைக் கட்டுப்படுத்தச் சொல்லி அமெரிக்கக் கடலோரக் காவல்படை அறிவுறுத்தியது.

37/
அதனால, தயவுசெஞ்சு:
லைட்டில் மிச்சம் பிடிங்க, செல்லில் பிடிக்காதீங்க. பேர் தெரிஞ்ச கம்பெனி செல், பாதுகாப்பு சர்க்யூட் உள்ளதா வாங்குங்க.
தூங்கும்போது சார்ஜ் போடாதீங்க. படகிலும் சரி, ஹோட்டல் ரூமிலும் சரி, மெத்தை மேல போடாதீங்க.
தனி செல்களைச் சாவி, சில்லறையோட பையில போடாதீங்க. பிளாஸ்டிக் டப்பா வேணும்.
விமானத்தில் உதிரி செல் கைப்பையில் மட்டும்.

38/
தண்ணி புகுந்த லைட்டை எடுத்ததும் முகத்துக்கு நேரா வச்சுத் திறக்காதீங்க. உள்ள வாயு சேர்ந்து அழுத்தம் ஏறியிருக்கலாம், மூடி துப்பாக்கி மாதிரி கிளம்பும். புது லைட்டை முதல் முறை செல் போடாம, உள்ள ஒரு டிஷ்யூ பேப்பர் வச்சு மூடிக் கடலுக்குள்ள கொண்டு போங்க. ஈரமில்லாம திரும்பினா அடுத்த டைவுக்குச் செல் போடலாம். ஓ-ரிங்கில் ஒரு தலைமுடி, ஒரு மணல் துகள் இருந்தாக்கூட ஒழுகும்.

39/
ஐபிஎக்ஸ்8னு போட்டிருந்தா மட்டும் நம்பாதீங்க. எத்தனை மீட்டர்ங்கறது கம்பெனியே சொல்ற கணக்கு. ஆழம் தனியா எழுதியிருக்கணும். கரையில, காற்றுல வச்சு முழு வெளிச்சத்துல எரிய விடாதீங்க. அந்த லைட்டுக்குத் தண்ணிதான் ஃபேன். ராத்திரி டைவுக்கு இந்த மலிவு லைட்டை மட்டும் நம்பிப் போகவே கூடாது. உயிரைக் காக்கும் டார்ச் தனி, கூட ஒரு ஸ்பேரும் வேணும்.

40/
டாக்டரா ரெண்டு வார்த்தை. கீழ அடிபட்டா ரத்தம் கருப்பா, பச்சையா மங்கித் தெரியும். ஒண்ணுமில்லைன்னு அலட்சியமா இருந்துடாதீங்க. பதறி வேகமா மேல ஏறவும் செய்யாதீங்க. காயத்தை விட அந்த அவசரம்தான் நுரையீரலையும் ரத்தத்தில் கரைஞ்ச நைட்ரஜனையும் பதம் பார்க்கும். கையால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, கூட வந்தவருக்கு சைகை காட்டி, வழக்கமான வேகத்துலயே ஏறுங்க.

41/
புதுசா டைவிங் கத்துக்கிறவங்க முதல் சில டைவுக்குக் கேமராவும் வேணாம், லைட்டும் வேணாம். வ்யூஃபைண்டரைப் பார்த்துட்டே காத்து மீட்டரைப் பார்க்க மறந்துடுவாங்க. ஆழம் எவ்வளவு, காத்து எவ்வளவு, துணைக்கு வந்தவர் எங்கே, இந்த மூணும் யோசிக்காம தெரியுற அளவுக்குக் கை பழகணும். அப்புறம் ஷூட்டிங் வச்சுக்கலாம். மீன் எங்கேயும் போகாது.

42/
அந்த உயிர்களையும் கொஞ்சம் நினைங்க. பெரும்பாலான மீன்களுக்கு இமை கிடையாது, கண்ணை மூட வழி இல்லை. இருட்டுல வாழ்ந்த ஜீவன் முகத்துல ஆயிரக்கணக்கான லூமெனை நிமிஷக் கணக்கா அடிக்காதீங்க. ஒரு ஓரமா காட்டி, எடுத்துட்டு, நகர்ந்துடுங்க.

43/
சுருக்கம்:
சிஆர்ஐ 90-க்கு மேல, ஆர்9 சொல்லியிருந்தா இன்னும் நல்லது
1,000 முதல் 2,500 வரை உண்மையான லூமென்
தண்ணிக்குள்ள 80 டிகிரி அளவில் பரந்த வெளிச்சம்
மாத்தக்கூடிய 18650 செல், நல்ல கம்பெனி
எழுத்தில் ஆழ அளவு, உதிரி ஓ-ரிங்
அரை மீட்டருக்குள்ள படம்
இவ்வளவு இருந்தா விலை கம்மியா இருந்தாலும் அது நல்ல லைட்தான்.

44/
ஒரு படத்துக்கு அரை கிலோ மக்னீசியம் எரிச்சு, உடம்பெல்லாம் வெந்து, ஒரு மீனோட நிறத்தை உலகத்துக்குக் காட்டினாங்க. இன்னைக்கு அதை ஒரு மாசச் சம்பளத்தில் சின்னப் பகுதியை வச்சே யாரும் செஞ்சிடலாம். அந்த வசதி ஒண்ணும் சும்மா வந்ததில்லை. மலிவா கிடைக்குதேன்னு ஆபத்தும் மலிஞ்சு போச்சுன்னு நினைச்சுடாதீங்க.

டைவிங் போற நண்பர் இருந்தா இதை அனுப்பி வைங்க, முக்கியமா 35-லிருந்து 38 வரை. வாங்கப்போற லைட்டோட பெட்டிப் படத்தைக் கமெண்ட்ல போட்டா, எந்த நம்பர் நிஜம் எந்த நம்பர் ரீல்னு சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்.